விருந்தினர் செலவு

ஏப்ரல் பதினைந்து. கடலுக்குத் தடை.
ஜெகதாப்பட்டினத்து லாரி இனி
அறுபத்தோரு நாள் வராது.
உரிக்கும் கூடத்தில் மேசைகள் கவிழ்ந்து கிடக்கின்றன.
ரப்பர் பூட்ஸுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு
தொண்டிப் பெண்கள் பஸ் ஏறிவிட்டார்கள்.
ஐஸ் மெஷினுக்குக்கூட ஓய்வு.

என் தொட்டிக்கு இல்லை.

புதுவயல் அரிசி ஆலைகளைத் தாண்டி
தைலமரக் காட்டை ஒட்டி
நாலு லட்சம் லிட்டர் பழுப்புத் தண்ணீர்.
அதற்குள்
கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டம்
பந்தியில் உட்கார்ந்தபடியே இருக்கிறது.
இலையில் ஒன்றுமில்லை.

மேனேஜர் வயிரவன் வந்து நின்றார்.
"தண்ணியே வரல, புளோயர் எதுக்கு ஓடுது சேவுகா?
கரண்டு பில்லப் பாத்தியா?"

பத்து மாதம் அவை தின்றதை
ஒவ்வொன்றாகச் சொன்னேன்.
தலை கொய்த இடத்தில் வழிந்த சாறு,
முதுகில் கீறி எடுத்த கறுப்பு நரம்பு,
தட்டு கழுவிய தண்ணீர்,
சல்லடைக்குத் தப்பிய மீசை.
தலையும் ஓடும் அன்றன்றைக்கே
கோழித் தீவனத்துக்குப் போய்விடும், அதற்கு விலை உண்டு.
விலை போகாதது எல்லாம்
என்னிடம் வரும்.

"காத்த நிறுத்தினா செத்துப்போகும் சார்.
ஜூன்ல லாரி வரும்போது திங்க ஆளிருக்காது."

"ஆளா?" என்றார்.

நான் கிழக்கே பார்த்தேன். அவரும் பார்த்தார்.
அந்தச் சரிவில்தான் ஊருணி.
நான் வேலைக்குச் சேருமுன் ஒரு மழை இரவில்
யாரோ ஒரு வால்வைத் திருப்பியிருக்கிறார்கள்.
படிக்கட்டில் ஒதுங்கிய கெண்டைகளை
அள்ளிப் புதைத்தவர்கள்
இன்றைக்கும் டீக்கடை பெஞ்சில் நான் உட்கார்ந்தால்
எழுந்து நின்று குடிக்கிறார்கள்.

வயிரவன் ரொம்ப நேரம் பேசவில்லை.
பிறகு, புளோயர் பாதி நேரம் ஓடட்டும் என்றார்.
தினம் பதினைந்து கிலோ மட்ட வெல்லம்.
"எந்தக் கணக்குல எழுதுறது?"
அவரே யோசித்து அவரே எழுதினார்:
விருந்தினர் செலவு.

விடியற்காலை டிரம்மில் வெல்லம் கரைப்பேன்.
ரெண்டு கை யூரியா, பால்காரர் தந்த சாணிக் கரைசல்.
எறும்பு என் கால்சட்டை வரை ஏறும்.
லிட்டர் ஜாடியில் அள்ளி வைத்துவிட்டு
அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பேன்,
படியும் வண்டலின் கோட்டைப் பார்க்க.
முந்நூறில் இருந்தது.
மே கடைசியில் தொண்ணூறு.
அதற்கும் கீழே போன அன்று
எனக்குச் சோறு இறங்கவில்லை.

லேப் உமையாள்தான் கூப்பிட்டாள்.
ஒரு கண்ணை மூடிக்கொண்டு மைக்ராஸ்கோப்பில் குனிந்தபடி,
"இருக்குண்ணே. காம்புல மணி கட்டின மாதிரி.
ஒண்ணு. இல்ல, ரெண்டு."
நானும் பார்த்தேன்.
சுருங்கியது, நீண்டது, மறுபடி சுருங்கியது.
இறால் நான் தின்றதில்லை.
தின்றதன் மிச்சத்தைத் தின்பதற்கு
இத்தனை அழகான வாய் இருக்குமென்று
யாரும் சொல்லவும் இல்லை.

ஜூன் பதினேழு, ராத்திரி பதினோரு மணி.
முதல் லாரி.
கொஞ்ச நேரத்தில் குழாய் இருமியது,
இளஞ்சிவப்பாய், நுரையாய், நாறிக்கொண்டு
வந்து விழுந்தது தண்ணீர்.
ஒரே நாளில் கொட்டினால் தாங்காது,
பட்டினி கிடந்த வயிறு.
வால்வைக் கால்வாசிதான் திறந்தேன்.
கூடத்திலிருந்து திட்டினார்கள்.
திட்டட்டும்.

நாலு நாள் வீட்டுக்குப் போகவில்லை.
ஐந்தாம் நாள் தொட்டி ஓரத்தில்
அழுகல் போய்
மழை விழுந்த செம்மண் வாடை.
மழை பெய்யவில்லை.
தைலமரங்களுக்குப் போகும் வாய்க்காலில்
தண்ணீருக்கு அடியில் கூழாங்கல் தெரிந்தது.
மேலே ரெண்டு பருந்துகள் வட்டமடித்துப் பார்த்தன,
எதுவும் கிடைக்காமல்
காரைக்குடிப் பக்கம் போய்விட்டன.

டீக்கடையில் இன்னும் எழுந்துதான் நிற்கிறார்கள்.
உலர்த்தும் களத்தில்
கறுப்பாய், வெடித்துப் பாளம் பாளமாய்
வண்டல் கிடக்கிறது.
அள்ள வேண்டும்.
மண்வெட்டியை உமையாள் எங்கே வைத்தாளோ.